"கோப்பர் யாருண்ணா?": சோழர் காலச் சொற்களை வாய்விட்டுப் படிப்பது எப்படி?

ஒலிவாசகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்துகொடுக்கும் வேலையை ஓய்வு நேரத்தில் செய்து வருகிறேன். கதைகளாக இருந்தவரை ஒரு சிக்கலும் இல்லை. இப்போது சோழர் வரலாறு ஒன்று கையில் வந்திருக்கிறது. கல்வெட்டு வரிகளை அப்படியே எடுத்துப்போட்டு எழுதிய புத்தகம். நான்கு அத்தியாயம் முடித்து அனுப்பிவிட்டேன். போன வாரம் கேட்பவர்களில் ஒரு தம்பி அழைத்தான். முதுகலை வரலாறு படிக்கிறான்.

"அண்ணா, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இந்தக் கோப்பர் யாருண்ணா? சோழரா, வேற வம்சமா? அவரு பேரு அடிக்கடி வருது, புத்தகத்துல எங்கயும் அவரைப் பத்தி விளக்கம் இல்லையே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. "கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு" என்று வரும் இடத்திலெல்லாம் நான் "கோப்பர... கேசரி... பன்மர்" என்று மூச்சுவிட்டுப் படித்திருக்கிறேன். கண்ணால் படிப்பவன் எழுத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வான். காதால் மட்டும் படிப்பவனுக்கு நான் சொன்னதுதான் புத்தகம். என் தயவில் சோழ வம்சத்தில் கோப்பர் என்று ஒருவர் முடிசூடிவிட்டார்.

வெட்கமாகத்தான் இருந்தது. அந்த நான்கு அத்தியாயங்களையும் திரும்பப் படிக்கப்போகிறேன். அதற்கு முன் சில சந்தேகங்கள்:

சோழன் என்பதில் முதல் எழுத்தை "ஸோ" என்று சொல்வதா, "ச்சோ" என்று சொல்வதா? கரிகாலனில் நடுவில் வரும் "கா" அழுத்தமா, மெலிதா? சடையவர்மனா, ஜடாவர்மனா? அப்புறம் இந்த "ஆனைமேற்றுஞ்சின" என்பதை மனிதன் வாயால் எப்படிச் சொல்வது?

---

கல்லும்புள்ளியும் எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி. கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் நாங்கள் எல்லோரும் இப்படிச் சில அரசர்களை உருவாக்கியவர்கள்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்ப்பது அச்சுப் புத்தகத்தில் ஏற்கெனவே திருத்திப் போட்ட வடிவம். கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபாடும் இருக்காது. அதாவது கல்லின் முன்னால் நிற்பவன் கண்ணுக்கு அந்த வரி ஏறக்குறைய இப்படித்தான் தெரியும்: கொபபரகெசரிபனமரககு. இதில் எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதையெல்லாம் படிப்பவன்தான் தீர்மானிக்க வேண்டும். எ, ஒ ஆகியவற்றின் நெடிலுக்கு இன்று நாம் எழுதும் தனி வடிவம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தது. ராஜராஜன் காலத்துச் சிற்பிக்கு அந்த வசதி கிடையாது.

சரி, உங்கள் கோப்பருக்கு வருவோம். கோ + பரகேசரி. கோ என்றால் அரசன். அடுத்த சொல் பகரத்தில் தொடங்குவதால் நடுவில் ப் மிகுந்து "கோப்பரகேசரி" ஆகிறது. பர என்றால் பிறர், பகைவர். கேசரி என்றால் சிங்கம். பகைவர்க்குச் சிங்கம் போன்ற அரசன். பன்மர் என்பது வர்மர்தான். ஆகவே "கோப் | பர | கேசரி | பன்மர்க்கு" என்று விட்டுப் படியுங்கள்.

இதே புத்தகத்தில் "கோவிராஜகேசரி" என்றும் வருமே, அதை என்ன செய்தீர்கள்? கோ + இராஜகேசரி, நடுவில் வகர உடம்படுமெய். சோழர்கள் இராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களையும் மாறிமாறிச் சூடிக்கொண்டார்கள். முதலாம் ராஜராஜன் இராஜகேசரி, அவன் மகன் ராஜேந்திரன் பரகேசரி, அவன் மகன் ராஜாதிராஜன் மறுபடி இராஜகேசரி. "கோவி" என்று நீட்டி நிறுத்தியிருந்தால் அந்தத் தம்பி அடுத்து "கோவி யாருண்ணா" என்று கேட்பான்.

இன்னொன்று. பிரிப்பு சரியாக வந்துவிட்டால் பாதி உச்சரிப்பு தானாகவே வந்துவிடும். "பரகேசரி" என்று ஒரே மூச்சில் சொன்னால் நடுவில் இருக்கும் க, "மகன்" என்பதில் வரும் க போல மெலிந்துவிடும். "பர" என்று இமைப்பொழுது நின்று "கேசரி" என்று எடுத்தால், "கேள்" என்பதில் உள்ளதுபோல் வல்லொலியாக வரும். மூலச் சொல்லிலும் அது வல்லொலிதான். நீங்கள் எதுவும் மெனக்கெட வேண்டாம், நாக்கே பார்த்துக்கொள்ளும்.

---

பழுவூர்ப்பையன் எழுதியது:

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பரகேசரி என்றாலே நெய்யும் முந்திரியும்தான் ஞாபகம் வரும். பகைவர்க்குக் கேசரி கொடுத்து மயக்கிய அரசன் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன் :)

---

குமரிமுனை எழுதியது:

சோழன் கேள்விக்கு நான் வருகிறேன். நாங்கள் நாகர்கோவில் பக்கம். வீட்டில் "ச்சோறு" என்றுதான் சொல்வோம். கல்லூரிக்கு வேறு ஊர் போனபோது விடுதியில் இதற்காகவே என்னை "மலையாளத்துக்காரி" என்று கிண்டல் செய்தார்கள். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை, இப்போது தெரியும்.

தொல்காப்பியம் சகரம் பிறக்கும் விதத்தைச் சொல்லும்போது, நடு நாக்கு நடு அண்ணத்தைப் பொருந்தப் பிறக்கும் என்கிறது. ஞகரத்துக்கும் அதே இடம். "ஞாயிறு" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மேலே போய் ஒட்டுகிறதா? அதே இடத்தில் ஒட்டி எடுத்தால் "ச்சோ" வரும். "ஸோ" வரவே வராது, ஏனென்றால் ஸ சொல்லும்போது நாக்கு எங்கும் ஒட்டுவதில்லை. ஆக, எங்கள் ஊர் "ச்சோறு" பிழையும் அல்ல, மலையாளத்திலிருந்து வாங்கியதும் அல்ல. பழசு அப்படியே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அதற்காக ஒலிவாசகன் அண்ணா எல்லா இடத்திலும் "ச்சோழன்" என்று படிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் "ஸோழன்" என்றே சொல்கிறார்கள், கேட்பவருக்கும் அதுவே பழக்கம். ஆனால் ஒன்று: அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஸோழன், பத்தாம் பக்கத்தில் ச்சோழன் என்று மாற்றாதீர்கள். இப்போதெல்லாம் ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு "ச்சோலா" என்று தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அதைக் கேட்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ச பழையதாகிவிட்டது, ழ காணாமல் போய்விட்டது!

---

கிருஷ்ணைக்கரை எழுதியது:

குமரிமுனை அக்கா சொன்னதற்கு வடக்கிலிருந்து ஒரு சாட்சி. அசோகனின் பாறைக் கல்வெட்டுகளில், பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில், தெற்கே இருக்கும் நாடுகளாக "சோட, பாண்டிய, ஸதியபுத, கேதலபுத" என்று வருகிறது (எழுத்து இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்). அந்தக் காலத்து எழுத்தான பிராமியில் ச வேறு, ஸ வேறு. சோழருக்கு அவர்கள் போட்டது ச்ச என்று ஒலிக்கும் எழுத்து.

"சோட" என்பதில் ழ எங்கே ட ஆனது என்று கேட்பீர்கள். நான் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், எனக்கு இது அன்றாட விஷயம். தமிழில் கோழி, தெலுங்கில் கோடி. தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு. அதே கணக்கில் சோழன், சோடன். ஆந்திரப் பகுதியை ஆண்ட சோழக் கிளையினரைத் "தெலுங்குச் சோடர்" என்று புத்தகங்களில் எழுதுகிறார்களே, அதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திப் படித்துவிடாதீர்கள். கன்னடத்தில் ழ, ளகரமாயிற்று: கோளி, ஏளு. ஆகவே அங்கே சோளன்.

---

கல்லும்புள்ளியும் எழுதியது:

அருமை. அந்த "ஸதியபுத" யார் என்று நூறு ஆண்டு சண்டை நடந்தது தெரியுமா? 1981இல் திருக்கோயிலூர் அருகே ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". ஔவையாரின் அதியமான்தான் அது! வடக்கே ஸதிய என்று ஒலித்தது தமிழ் வாயில் அதிய என்று நின்றது. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் ஸகரத்துக்கு இடமில்லை, உதிர்ந்துவிடும். ஓர் உச்சரிப்பு விஷயம் பிடிபட்டதும் ஒரு வம்சமே அடையாளம் தெரிந்தது.

கேதலபுத என்பது கேரளபுத்திரன், நம்முடைய சேரன். க எப்படி ச ஆயிற்று என்றால், கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே கெம்பு, நமக்குச் செம்மை. இகர எகரத்துக்கு முன்னால் இருந்த ககரம் தமிழில் சகரமாகியிருக்கிறது. ஆகவே சேரன், கேரளன் இரண்டையும் வேறு வேறு ஆட்கள்போலக் குரல் மாற்றிப் படிக்காதீர்கள்.

சடையவர்மன் விஷயம் சுருக்கமாக: தமிழில் சடை, வடமொழியில் ஜடா. "சடையவர்மன்" என்று எழுதியிருந்தால் ச. "ஜடாவர்மன்" என்று எழுதியிருந்தால் ஜ. இரண்டையும் கலந்து "ஜடையவர்மன்" என்று சொல்வதுதான் தப்பு. பாண்டியரின் இன்னொரு பட்டம் மாறவர்மன். மாறன் என்பதிலிருந்து வந்தது, வல்லின ற. "மறவர்மன்" என்று குறுக்கினால் மறவர் கூட்டம் வந்து நிற்கும்.

---

ஒலிவாசகன் எழுதியது:

ஐயா, எழுதிவைத்துக்கொண்டேன். ழ பற்றி ஒரு சின்னக் கவலை. நான் மதுரைக்காரன். முயன்றால் ழ வரும். வேகமாகப் படிக்கும்போது "பளுவேட்டரையர்" ஆகிவிடுகிறது. போன அத்தியாயத்தைக் கேட்டுப் பார்த்தேன். பழுவேட்டரையர் பதினோரு இடத்தில் வருகிறார், நாலு இடத்தில்தான் ழ இருக்கிறது.

---

பழுவூர்ப்பையன் எழுதியது:

அண்ணா, நான் கீழப்பழுவூர்ப் பக்கம். எங்கள் பேருந்து நடத்துநரே "கீளப்பளூர்" என்றுதான் கூவுவார். சென்னையில் போய் இறங்கினால் பழம் "பயம்" ஆகிறது, இழுத்துக்கொண்டு என்பது "இஸ்துகினு" ஆகிறது. ஒரு ழ, ஊருக்கு ஒரு வேஷம். கீழடியை ஆங்கிலத்தில் எழுதும்போதுகூட ளகரம் ஒலிக்கிற மாதிரிதான் எழுதுகிறார்கள். பழுவேட்டரையரே வந்து கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

---

தமிழாசிரியை_ஓய்வு எழுதியது:

இல்லை தம்பி, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேச்சில் யார் எப்படிச் சொன்னாலும் சரி. ஒலிப்புத்தகம் பேச்சு அல்ல, அது எழுத்தின் இடத்தில் இருக்கிறது. அந்த மாணவர் தேர்வின்போது தனக்காக எழுதுபவரிடம் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். "ஆழி" என்று வந்ததா, "ஆளி" என்று வந்ததா என்பதை உங்கள் குரலை வைத்துத்தானே அவர் முடிவு செய்வார்? ஆழி கடல், ஆளி சிங்கம். "மாறவர்மன்" "மாரவர்மன்" விஷயமும் அப்படியே. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: ஆசிரியர் வாயில் ழ இல்லாவிட்டால் நாற்பது நோட்டிலும் இருக்காது.

பதினோரு இடத்தில் ஏழு இடம் தவறினால், ஏழு இடத்தையும் திரும்பப் பதிவு செய்யுங்கள்.

---

யாழ்_வடலி எழுதியது:

ரீச்சர் சொல்வது விளங்குகிறது. ஆனால் அந்தக் கணக்கில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் ஒலிப்புத்தகம் வாசிக்கேலாது :) எங்கட பேச்சில் கனபேருக்கு ழ, ள இரண்டும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் விட்டுவிட்ட ஒன்றை நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம். அது ற்ற.

"வெற்றி" என்பதைத் தமிழ்நாட்டில் வாசிக்கும்போது "வெட்ரி" என்று ஒரு ர சேர்த்துச் சொல்கிறீர்கள். பேச்சில் காற்று "காத்து" ஆகிவிடுகிறது. நாங்கள் இரண்டும் சொல்வதில்லை. நாக்கு நுனியை மேல் பல்லுக்குச் சற்று மேலே, ஈறில் வைத்து அழுத்தி விடுவோம். ட மாதிரி நாக்கை மடிப்பதும் இல்லை, த மாதிரி பல்லில் வைப்பதும் இல்லை, இரண்டுக்கும் நடு. மலையாளத்திலும் காற்று இப்படித்தான் ஒலிக்கும். இதனால்தான் ஆங்கிலச் சொற்களில் வரும் ட ஒலிக்கு எங்கட ஊரில் ரகர, றகரங்களைப் போடுகிறார்கள். "ரொறன்ரோ" என்று எங்கட பத்திரிகையில் பார்த்துவிட்டு ஒரு தமிழ்நாட்டு நண்பர் "ரொரண்ட்ரோ எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கனடாவில் இருக்கும் டொராண்டோதான் ஐயா அது.

இப்ப ஒலிவாசகன் கேட்ட "ஆனைமேற்றுஞ்சின" என்பதை இப்படிச் சொல்லிப் பாருங்கோ. ஈறில் ஒரு அழுத்தம், உடனே "உஞ்சின". மேட்ருஞ்சின என்று உருட்டினால்தான் நாக்கு சுளுக்கும்.

---

கல்லும்புள்ளியும் எழுதியது:

வடலி சொன்னது சரி. கூடவே பிரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆனைமேல் + துஞ்சின. ல்லும் த்தும் சேர்ந்தால் ற்ற. 1054இல் கொப்பம் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே மாண்ட ராஜாதிராஜனைக் குறிக்கும் தொடர் அது. இறந்தான் என்று கல்லில் வெட்ட மனமில்லாமல் துஞ்சினான், உறங்கினான் என்கிறார்கள். சுந்தர சோழன் "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்". அங்கே தகரமே நிற்கிறது, சிக்கல் இல்லை.

என் யோசனை: காதால் கேட்பவருக்கு "றுஞ்சின" என்ற சொல்லே கிடையாது. ஆகவே "ஆனைமேல் துஞ்சின" என்று பிரித்தே படித்துவிடுங்கள்.

---

தமிழாசிரியை_ஓய்வு எழுதியது:

மூலத்தை மாற்றக் கூடாது ஐயா. கல்லில் என்ன இருக்கிறதோ அதை ஒருமுறை படிக்கட்டும். அடுத்த மூச்சில் "அதாவது, ஆனைமேல் துஞ்சின" என்று ஒருமுறை சொல்லட்டும். இரண்டு வினாடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதானே.

---

கல்லும்புள்ளியும் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். டீச்சரிடம் வாதாடி ஜெயித்த சரித்திரம் எனக்கு இல்லை.

---

ஊறுகாய்ஜாடி எழுதியது:

கரிகாலனை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அதுதான் சுவையான கேள்வி, ஏனென்றால் "பிரித்துப் படித்தால் வல்லொலி வந்துவிடும்" என்ற விதி இங்கே உதைக்கிறது.

கரி + கால் என்று பிரித்து, "கால்" என்பதை அழுத்திச் சொல்லிப் பாருங்கள். யாரும் அப்படிச் சொல்வதில்லை. தமிழ்நாடு முழுக்க நடுவில் வரும் கா மெலிதாகத்தான் ஒலிக்கிறது, "அங்காடி" என்பதில் உள்ள கா மாதிரி. ஏன்? என் பெயரையே பாருங்கள். ஊறு + காய் = ஊறுகாய். சுடு + காடு = சுடுகாடு. இரண்டும் வினைத்தொகை. வினைத்தொகையில் நடுவில் ஒற்று மிகாது, மிகாத வல்லெழுத்து மெலிந்து ஒலிக்கும். "ஊறுக்காய்" என்று யாராவது சொல்கிறார்களா?

நெருப்பில் கால் கரிந்தவன் என்று இளமைக் கதை ஒன்று சொல்வார்களே, அந்தப் பொருளில் கரிகால் என்பது கரிந்த கால். ஊறுகாய் வகை. ஆகவே மெலிந்த கா. "கரிகளுக்குக் காலன்", அதாவது பகைவரின் யானைகளுக்கு எமன் என்று இன்னொரு பொருள் சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் கரி, காலன் இரண்டும் தனித்தனிப் பெயர்ச்சொல், பரகேசரி மாதிரி நின்று அழுத்திச் சொல்லலாம். எப்படி உச்சரிக்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடலாம்! தமிழ் மக்கள் வாய் மட்டும் தயங்காமல் கால் கரிந்த கட்சிக்கே வாக்களித்திருக்கிறது.

---

கிருஷ்ணைக்கரை எழுதியது:

அட, இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. இந்த மெலிதாகச் சொல்லும் வழக்கமே பிற்காலத்தியதாக இருந்தால்? கரிகாலன் காலத்தில் எல்லாமே அழுத்தமாக இருந்திருக்கலாமே?

---

ஊறுகாய்ஜாடி எழுதியது:

அதற்குச் சாட்சி கிரேக்கரிடம் இருக்கிறது. பொ.ஆ. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் அவர்கள் எழுதிவைத்த நம் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்க எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, நம்மைப்போல ஒரே க, த கிடையாது.

தொண்டியை அவர்கள் "திண்டிஸ்" என்கிறார்கள். முதல் த வல்லொலி எழுத்து, ண்ட வரும் இடத்தில் மெலிந்த எழுத்து. இன்றைக்கு நாம் சொல்வதும் அப்படியே. மதுரை "மொதூரா", நடுவில் மெலிந்த எழுத்து. முசிறி "முஸிரிஸ்", நடுவில் ஸகரத்தையும் தாண்டி, வண்டு ரீங்கரிக்கும்போது வருமே, அந்த ஒலி. ஆக, சொல்லின் நடுவில் மெலிவது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

---

யாழ்_வடலி எழுதியது:

கொற்கை "கொல்கோய்" என்று இருக்கே, அது எப்படி? ற் எப்படி ல் ஆயிற்று?

---

ஊறுகாய்ஜாடி எழுதியது:

கல் + கள் = கற்கள் என்பதுபோல, கொல் + கை = கொற்கை என்று பிரிப்பவர்கள் உண்டு. அப்படியானால் கிரேக்க மாலுமி காதில் விழுந்தது சேர்வதற்கு முந்தைய வடிவம். இல்லாவிட்டால் அவனுக்கு ற் வாயில் நுழையவில்லை. நான் முதல் கட்சி. ஆனால் மாலுமிகளை ரொம்பவும் நம்பக்கூடாது. சோழமண்டலத்தைச் "சோரமண்டல்" ஆக்கி, கடைசியில் "கோரமண்டல்" என்று ரயிலுக்குப் பெயர் வைக்கும் வரை கொண்டுவந்து விட்டவர்களும் மாலுமிகள்தானே. ழ ரகரமாகி, ச ககரமாகி... சோழனே தன் கரையைத் தேடினாலும் கிடைக்காது.

---

பழுவூர்ப்பையன் எழுதியது:

ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரைச் சரிசெய்யலாம் என்று 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களுக்கு ஆணை போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? வேலூரின் புது எழுத்தைப் பார்த்து "வீலூர்" என்று எல்லோரும் சிரித்தார்கள். சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குறில் நெடிலுக்குத் தனி எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புள்ளியில்லாக் கல்வெட்டே தேவையில்லை.

---

ஒலிவாசகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பு அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு. மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் அரசன் புகழைச் சொல்லும் பகுதியில், வரும் ஊர்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு முன் நான் படித்து அனுப்பிய லட்சணத்தை மறைக்காமல் சொல்கிறேன்:

மாதமாலிங்கம் என்பதை "மாத... மாலிங்கம்".
மாநக்கவாரம் என்பதை ஒரே மூச்சில் "மானக்கவாரம்".
இலங்காசோகம் என்பதை "இலங்கா... சோகம்", அதுவும் கொஞ்சம் சோகமான குரலில்.

---

குமரிமுனை எழுதியது:

சோகமான குரலில்! ஐயோ அண்ணா, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

---

கல்லும்புள்ளியும் எழுதியது:

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். இந்த வரிசையில் சில பெயர்களுக்கு முன்னால் "மா" ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய என்று பொருள். அதைக் கழற்றிவிட்டால் ஊர் தெரியும். மா | நக்கவாரம்: நக்கவாரம், இன்றைய நிக்கோபார். மா | தமாலிங்கம்: மலாய்த் தீபகற்பத்தில் இருந்த தாம்பிரலிங்கம். மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலங்காசோகம் என்பது லங்காசுகம் என்ற அரசு. தமிழ்ச் சொல் லகரத்தில் தொடங்காது என்பதால் முன்னால் ஓர் இகரம் வந்து உட்கார்ந்துகொண்டது. இலாமுரி தேசத்திலும் அதே இகரம்தான், சுமத்ராவின் வடக்கு முனையில் இருந்த லாமுரி. தலைத்தக்கோலத்தைத் "தலைத் | தக்கோலம்" என்று படியுங்கள். இங்கே அரக்கோணத்துப் பக்கம் ஒரு தக்கோலம் இருக்கிறது, 949இல் சோழர் தோற்ற இடம். அது வேறு, இது கடலுக்கு அப்பால்.

கடாரத்தில் சிக்கல் இல்லை. ட நடுவில் இருப்பதால் "படம்" என்பதில் வருவதுபோல் ஒலிக்கும். கெடா என்று இன்று மலேசியாவில் இருப்பது. பட்டினப்பாலையில் "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்று வரும் காழகத்தைக் கடாரம் என்றே உரைகாரர் சொல்கிறார். அங்கே ழ, இங்கே ட. கிருஷ்ணைக்கரைத் தம்பியின் கோழி, கோடி கணக்கு ஞாபகம் வருகிறதா?

---

தமிழாசிரியை_ஓய்வு எழுதியது:

தம்பி, மறுபடி பதிவு செய்வதற்கு முன் பென்சிலால் புத்தகத்திலேயே பிரிப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் வகுப்பில் செய்யுள் படிக்கும் முன் எப்போதும் அப்படித்தான் செய்வேன். ழ வரும் இடத்தில் ஒரு சின்ன வட்டம். கண் அதைப் பார்த்தவுடன் நாக்கு முன்கூட்டியே மடியும்.

---

ஒலிவாசகன் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். நான்கு அத்தியாயத்தையும் திரும்பப் படித்து அனுப்பிவிட்டேன். டீச்சர் சொன்னபடி கோடும் வட்டமும் போட்டதில் புத்தகம் கோலம் போட்ட வாசல் மாதிரி ஆகிவிட்டது. பழுவேட்டரையர் பதினோரு இடத்திலும் ழகரத்தோடு வருகிறார். சோழனை "ஸோழன்" என்றே வைத்துக்கொண்டேன், கரிகாலன் ஊறுகாய் வகை. ஆனைமேற்றுஞ்சினவுக்கு வடலி அண்ணன் சொன்ன ஈறு அழுத்தத்தைப் பயிற்சி செய்து பார்த்தேன். மூன்றாவது நாள் வந்தது. ஆனால் மற்ற இடத்திலெல்லாம் "வெட்ரி" என்று படித்துவிட்டு இங்கே மட்டும் யாழ்ப்பாணம் போவது ஒட்டவில்லை. என் ஊர்ப்படியே படித்துவிட்டு, "அதாவது ஆனைமேல் துஞ்சின" என்று சேர்த்துவிட்டேன்.

தம்பி நேற்று அழைத்தான். "கோப்பரைக் காணோமே அண்ணா" என்றான். விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் பருவத் தேர்வுல அவரைப் பத்தி அரைப் பக்கம் எழுதிட்டேனே" என்றான்.

அடுத்த அத்தியாயம் ஹொய்சளர். முதல் பத்தியில் ஹொய்சளர் என்று இருக்கிறது, கீழே கல்வெட்டு வரியில் போசளர் என்று இருக்கிறது. இந்த முறை ஒலிவாங்கியைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுகிறேன்: இவர்கள் ஒருவரா, இருவரா?

---

கல்லும்புள்ளியும் எழுதியது:

ஒருவர்தான். பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூ. கன்னடக்காரர் வாயில் பகரம் ஹகரம் ஆனபோது அரச வம்சமும் கூடவே போய்விட்டது. தமிழ்க் கல்வெட்டு பழைய பகரத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டையும் எழுதியிருக்கிறபடியே படியுங்கள், முதல் முறை வரும்போது மட்டும் நடுவில் ஒரு "அதாவது" போட்டுவிடுங்கள்.